கணேசனுக்கு, அம்மா அறை ஏசி பற்றி

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு படிக்கவும் எழுதவும் டாக்டர் தடை போட்டிருந்தார், அதனால்தான் தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு உன்னிடம் அடி வாங்கிய பிள்ளை, இன்று மின்னணு வேலைக்கே போகிறாள். எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று அவளிடம் சொல். என் பையன் வேலை மாறியிருக்கிறான். அதை இன்னொரு கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

இப்போது அம்மா அறை ஏசி விஷயம். 12 வருஷமான ஒன்றரை டன் ஸ்பிளிட். கோடை வந்தாலே குளிர் குறைகிறது, ஆள் வந்து கேஸ் நிரப்புகிறார், அடுத்த கோடையில் மறுபடி அதே கதை. இந்த முறை வந்தவர் "இனிமேல் இதில் காசு போடாதீங்க, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். உன் மைத்துனரோ கம்ப்ரஸர் ஓடும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார். இருவர் பேச்சிலும் வயதும் விலையும்தான் இருக்கின்றன. கேஸ் எந்த வழியாகப் போகிறது என்று யாராவது பார்த்ததாக உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை காலம் சர்வீஸ் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது தெரிகிற வரைக்கும் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதே.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு, உள்ளே ஆவியாகி அறையின் சூட்டை வாங்கி, வெளியே திரவமாகி அந்தச் சூட்டை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். கசிவு இல்லாவிட்டால் முதல் நாள் போட்ட கேஸே கடைசி வரை போதும். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பாதே. வருஷா வருஷம் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஓட்டை எங்கே என்பதில்தான் உன் கேள்விக்கான பதில் இருக்கிறது. வெளியே இருக்கும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தடித்த குழாயும் ஒரு மெல்லிய குழாயும் வந்து சேரும். அங்கே இரண்டு பித்தளை நட்டுகள் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு அந்த நட்டுகளின் அடிப்பக்கம் விரலால் தடவிப் பார். கருத்த, பிசுபிசுப்பான எண்ணெய்ப் படலமும் அதில் தூசி அப்பியும் இருந்தால், கசிவு பெரும்பாலும் அங்கேதான். கம்ப்ரஸர் எண்ணெய் கொஞ்சம் கேஸோடு சேர்ந்தே சுற்றும். கேஸ் வெளியேறும்போது எண்ணெயும் கூடவே வந்து அடையாளம் வைத்துவிடும். சோப்பு நுரை தடவினால் குமிழி எழும்பும். உள் யூனிட்டுக்குப் பின்னாலும் இதே மாதிரி இரண்டு இணைப்புகள் உண்டு, ஆனால் அது காப்புறைக்குள் மறைந்திருப்பதால் மெக்கானிக் பிரித்தால்தான் தெரியும். நட்டில் கசிவு என்றால் உன் ஏசிக்கு ஆயுள் மிச்சம் இருக்கிறது. குழாயின் முனையை வெட்டி, புதிதாக விரித்து, முறுக்கினால் முடிந்தது. இதற்காகப் புது ஏசி வாங்கவே வேண்டாம்.

உள் யூனிட்டின் கூலிங் காயிலில் கசிவு என்றால் கதை வேறு. வீட்டில் அடிக்கும் பெயின்ட், ஒட்டுப்பலகையின் பசை, தரை துடைக்கும் திரவங்கள் இவற்றிலிருந்து வரும் ஆவி, காயிலில் தங்கும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்பை அரிக்கும். வெளியே ஊசிமுனைகூடத் தெரியாது, உள்ளே வளைந்து வளைந்து துளைத்திருக்கும். ஒரு துளையை அடைத்தால் கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னொன்று வாய் திறக்கும். அதில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை, காயிலையே மாற்ற வேண்டும். 12 வருஷ ஏசிக்குப் புதுக் காயில் கிடைப்பதே சிரமம். கிடைத்தாலும் அந்தச் செலவை நான் செய்ய மாட்டேன்.

கசிவு தேடுவதை ஒழுங்காகச் செய்யச் சொல். இருக்கிற கேஸை சிலிண்டரில் எடுத்துவிட்டு, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டு, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, வாக்குவம் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதன் பிறகு பெயர்த் தகட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, தராசில் எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். "குழாய் ஜில்லுனு இருக்கு, போதும்" என்று கையால் தொட்டுப் பார்த்து நிறுத்துகிற ஆளாக இருந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடு. உள்ளே காற்றும் ஈரமும் தங்கினால் எண்ணெய் அமிலமாகும். அந்த அமிலம் மோட்டார் சுருளைத் தின்னும்.

கம்ப்ரஸரைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. அதன் வழியாகச் சுற்றி ஓடும் கேஸ்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது. உன் ஏசி ஒவ்வொரு கோடையிலும் பல வாரம் குறைந்த கேஸில் ஓடியிருக்கிறது, அதாவது கம்ப்ரஸர் சூட்டில் வெந்திருக்கிறது. உன் மைத்துனர் சொல்வது போல இன்று ஓடுகிறது, சரி. மோட்டார் சுருளின் மின்காப்பு எப்படி இருக்கிறது என்று, அதை அளக்கும் மெகர் என்ற கருவியை வைத்துப் பார்க்கச் சொல். ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, தகட்டில் எத்தனை போட்டிருக்கிறது என்று ஒப்பிடச் சொல். காப்பு பலவீனமாக இருந்தாலோ, ஆம்பியர் கூடுதலாக இழுத்தாலோ, அந்தக் கம்ப்ரஸரை நம்பி மேற்கொண்டு எதையும் செலவு செய்யாதே.

மற்ற பழுதுகளுக்கெல்லாம் ஏசியை மாற்றத் தேவையில்லை. வெளி யூனிட் ம்ம்ம் என்று முனகிவிட்டு நின்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான். அதன் தலை உப்பியிருக்கும், மாற்றினால் ஓடும். சுவரில் தண்ணீர் ஒழுகினால் டிரெயின் பைப் அடைப்பு. ஐஸ் கட்டினால் முதலில் ஃபில்டர் அழுக்கைப் பார், அதன் பிறகு கேஸை. போர்டு போயிருந்தால் நல்ல ஆள் சரிசெய்து கொடுப்பார்.

இனி கேஸின் வகை. வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆர்-22 என்று இருக்கிறதா, ஆர்-410ஏ என்று இருக்கிறதா என்று பார். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ். 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் அதை 2020-ஓடு ஏறக்குறைய முழுமையாக நிறுத்த வேண்டியிருந்தது, வளரும் நாடுகள் 2030-ஓடு நிறுத்த வேண்டும். பழைய இயந்திரங்களைப் பராமரிக்க மட்டும் சொற்ப அளவுக்கு அனுமதி உண்டு. ஆகவே கசிகிற ஆர்-22 ஏசியைக் கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அதற்குள் வேறு கேஸை ஏற்றி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. எண்ணெயும் அழுத்தமும் ஒத்துப்போக வேண்டும். ஆர்-410ஏ அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வேலை செய்வது.

ஆர்-410ஏ என்றாலும் கசிவை அலட்சியமாக விடாதே. அது ஓசோனுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு வலிமை உடையது. ஒரு கிலோ வெளியேறினால் இரண்டு டன் கரியமில வாயுவை விட்ட கணக்கு. நீ மூன்று நான்கு கோடையாக நிரப்பியது அத்தனையும் காற்றில்தான் கலந்திருக்கிறது. என் காசு, என் வீடு என்று பார்க்கிற விஷயம் இல்லை இது. இதை உனக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஆர்-32. அதற்கு இந்த மடங்கு 675. ஆர்-290 என்பது புரோப்பேன், அதற்கு மடங்கு மூன்றுதான், ஆனால் நன்றாகத் தீப்பிடிக்கும். ஆர்-32-உம் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியதே. இந்த இரண்டையும் பழகிய ஆள்தான் தொட வேண்டும்.

மின்சாரம் மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், எவ்வளவு நேரம் ஓட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது. ஒன்றரை டன் என்றால் சுமார் 5.3 கிலோவாட் குளிர்ச்சி. பழைய ஏசி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.8 மடங்கு குளிர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1.9 யூனிட் இழுக்கும். தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் புதிய இன்வெர்ட்டர் ஏசி 4 மடங்கு தந்தால் 1.3 யூனிட். மணிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். இரவு எட்டு மணி நேரம், வருஷத்தில் இரண்டே மாதம் என்றால் 270 யூனிட் போல. எட்டு மாதம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு இது, நடப்பில் கொஞ்சம் குறையும். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, புது ஏசியின் விலையை அதனால் வகுத்துப் பார். அம்மா பகலிலும் அந்த அறையிலேயே படுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் உன் மணிக்கணக்கு மற்ற வீடுகளைப் போல இல்லை, புதிய ஏசியின் பக்கம் தராசு கணிசமாகச் சாயும்.

ஆக என் அபிப்பிராயம் இதுதான். கசிவு நட்டில், கம்ப்ரஸர் சோதனையில் தேறிவிட்டது, கேஸும் ஆர்-410ஏ என்றால் சரிசெய்து இன்னும் சில வருஷம் ஓட்டு. காயிலில் கசிவு, அல்லது கம்ப்ரஸர் தேறவில்லை, அல்லது ஆர்-22, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடு. புதுசின் விலையில் பாதி ஆகும் வரை ரிப்பேர் செய்யலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாலைந்து வருஷ ஏசிக்கு அது சரி. 12 வருஷ ஏசிக்கு நான் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட மாட்டேன்.

வாங்குவதாக இருந்தால், ஒன்றரை டன் இருந்த இடத்தில் ஒன்றரை டன்தான் வேண்டும் என்று இல்லை. ஜன்னலை அடைத்துச் சுவர் எழுப்பியதாகப் போன வருஷம் எழுதியிருந்தாய், வெயில் வரும் வழியே குறைந்துவிட்டது. அறைக்கு மிஞ்சிய ஏசி சீக்கிரமே குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், காற்றின் ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. ஜில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். வயதானவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அறையை அளந்து பார்த்துச் சொல்லச் சொல். உள் யூனிட்டை அம்மா கட்டிலுக்கு நேராக மாட்ட விடாதே. பழைய குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆர்-22 ஓடிய குழாய் என்றால் பழைய எண்ணெய் உள்ளே ஒட்டியிருக்கும், புதுக் குழாயே போட்டுவிடு. எந்தக் கம்பெனி என்று நீ கேட்டிருக்கிறாய். கம்பெனியைவிட, மாட்டுகிற ஆள் வாக்குவம் போடுகிறாரா என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துக் கழற்றச் சொல்.

வேலை முடிகிற வரைக்கும் அம்மாவை மற்ற ஏசி அறைக்கு மாற்றிவிடு. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் மட்டும் போதாது, அது சூடான காற்றையே உடம்பில் அடிக்கும். அந்த வயதில் வியர்வையும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு. நான் விசாரித்ததாகச் சொல்.

அடுத்த கடிதத்தில் தகட்டில் என்ன கேஸ் போட்டிருக்கிறது, நட்டில் எண்ணெய் இருந்ததா, ஆம்பியர் எவ்வளவு காட்டியது, இந்த மூன்றையும் எழுது. தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. காயில் பார்க்காமலே முன்பணம் கேட்டால் கொடுக்காதே, முதலில் எனக்குப் போன் போடு.

அன்புடன்,
உன் சண்முகம்