பார் லைன் இல்லாத தாள்

அன்புள்ள கண்ணம்மா,

வில்லியம் பேர்ட் கத்தோலிக்க வழிபாட்டுக்கு இசையமைத்த நான்கு குரல் மாஸில், உச்சக் குரலான சோப்ரானோவுக்கு அடுத்த ஆல்ட்டோ உனக்குக் கிடைத்திருப்பதாக அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஏனடி சொல்லவில்லை? நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்றா? இதோ, ஆரம்பித்துவிட்டேன்.

பழைய அச்சின் நகலை வைத்தே பாடப்போகிறீர்களாம். முதல் ஒத்திகையில் நாலு பேரும் நாலு திசையில் போவீர்கள், பரவாயில்லை. பார்ட் புக்கில் உன் குரல் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். தாளத்தைக் கட்டம் கட்டிக் காட்டும் பார் லைனும் கிடையாது. காலால் தட்டி எண்ணாதே. லத்தீன் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே சாய்ந்து பாடு.

குரலையும் வீசாதே. 1590களில் இங்கிலாந்தில் கத்தோலிக்க மாஸ் சட்டவிரோதம். பாதிரியாருக்கு இடம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த மாஸ் தலைப்புப் பக்கமோ, அச்சிட்டவர் பெயரோ, வருடமோ இல்லாமல்தான் வெளிவந்தது. எசெக்ஸில் பேர்டை ஆதரித்த பெட்ரி குடும்பத்தினுடையதைப் போன்ற வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு சிலர் பாடியது. இதைப் பெரிய கொயர் கதீட்ரல் அதிரப் பாடுவது எனக்குப் பிடிப்பதே இல்லை.

கடைசிப் பகுதியான ‘ஆக்னுஸ் தேயி’யின் முடிவில் ‘தோனா நோபிஸ் பாச்செம்’ (எங்களுக்கு அமைதி தா) வரும் இடம்தான் உயிர். ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் நிற்கும், இன்னொன்று நகர்ந்து வந்து அதன்மேல் இடிக்கும். அபஸ்வரம் மாதிரி உறுத்தும். நிற்பது நீயாக இருந்தால் பயந்து குரலைக் குறைத்துவிடாதே. நன்றாக உறுத்தட்டும், பிறகு ஒரு சுரம் கீழே இறங்கு. சீக்கிரம் இறங்கினால் எல்லாம் போச்சு.

பியானோவில் ஆதார சுருதி மட்டும் எடுத்துக்கொள். பியானோவின் மேஜர் தேர்ட், அதாவது அதன் காந்தாரம், சுத்தமான அந்தர காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தூக்கல் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்). பாட்டு கிளாஸில் தம்புராவுக்குள் தானாக எழும்பும் காந்தாரத்தைக் கேட்டிருக்கிறாயே, அதுதான் இங்கே வேண்டும். அழுதுகொண்டே போன கிளாஸ், இப்போது உதவுகிறது பார்.

முதல் ‘ஆக்னுஸ் தேயி’ சோப்ரானோவும் ஆல்ட்டோவும் மட்டும் பாடுவது. லீவுக்கு வரும்போது உன் தாளை மறக்காமல் எடுத்து வா. சோப்ரானோ நான் பாடுகிறேன். சமையலை அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா