ரயில் நிலைய அருங்காட்சியகச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வருகை தந்துள்ள பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். முதலில் கூட்டிய பொதுக்குழு, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் (குறைவெண்) வராததால் ஒத்திவைக்கப்பட்டு, அதே பொருள்நிரலுடன் இன்று மீண்டும் கூடுவதால், இவ்வறிக்கையை மறுமுறை அச்சிட நேர்ந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாளும், மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாளும் வழக்கம்போல் கடைப்பிடிக்கப்பட்டன. மாணவர்களுக்கான ஓவியப் போட்டி நடைபெற்றது. சென்ற ஆண்டுக் கணக்கு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பழைய டிக்கெட் அறையின் சுவர்களைச் செப்பனிட்டதாகும். இதுகுறித்துச் செயற்குழுவிலும், அதைவிட அதிகமாகத் தேநீர்க் கடையிலும் பலவாறு பேசப்பட்டதால், சற்று விரிவாகவே விளக்க வேண்டியுள்ளது. மீட்டர் கேஜ் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட கட்டடம் இது. பல அகலங்களில் இருந்த தண்டவாளங்களை ஒரே அகலத்துக்கு மாற்ற 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தின்கீழ் நமது ஊர்ப் பாதையும் 1,676 மி.மீ. அகலப் பாதையாகி, தண்டவாளத்தின் மறுபுறம் புதிய நிலையம் வந்த பிறகு, பூட்டிக் கிடந்த இக்கட்டடத்திற்கு யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசிவிட்டனர். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காய்ந்து வெளியேறிவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. அதனால்தான் இடுப்புயரம்வரை உவர் ஏறி, விரலால் தொட்டாலே பூச்சு பொரிந்து உதிர்ந்தது.

அந்தச் சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்து, கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டுப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிதாக இருந்தது. சிமெண்டிலேயே பூசியிருந்தால் செலவும் குறைந்திருக்கும், அறையையும் இத்தனை மாதங்கள் மூடியிருக்க வேண்டாம் என்பது சில உறுப்பினர்களின் கருத்து. அது உண்மையே. அடுத்த மழைக்காலத்தில் உவரும் திரும்பி வந்திருக்கும் என்பதும் உண்மையே. சென்ற மழையில் அச்சுவர்கள் உலர்ந்தே இருந்தன. ஐயமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் கைவைத்துப் பார்க்கலாம்.

சுவர் உலர்ந்ததால்தான் அட்டை டிக்கெட்டுகளை மீண்டும் அலமாரியில் வைக்க முடிந்தது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றைப் பிரித்து உலர்த்தி, புறப்படும் ஊர்வாரியாக அடுக்கியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு 1974-இல் ஒழிக்கப்பட்டதால், அவ்வகுப்பு அச்சிடப்பட்ட டிக்கெட்டுகள் அதற்கு முந்தையவை என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடித்து மகிழ்கிறார்கள். வாசலில் உள்ள தேக்குப் பெஞ்சின் சாய்மானத்தில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகள் செதுக்கப்பட்டிருப்பதால், அது 1951-இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன்பு, தென்னிந்திய ரயில்வே காலத்தில் செய்யப்பட்டது எனலாம். ஆனால் மாணவர்களை அதிகம் ஈர்ப்பது கடனாகப் பெற்றுவைத்துள்ள டோக்கன் கருவிதான். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் இக்கருவி ஒவ்வொன்று இருக்கும்; வண்டி புறப்பட அனுமதியாக ஓட்டுநரிடம் தரும் உருண்டையை (டோக்கனை) ஒரு முனையில் எடுத்துவிட்டால், அது திரும்பி உள்ளே செல்லும்வரை எந்த முனையிலும் மற்றொன்று வெளியே வராது. ஆகவே ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் புறப்பட வழியில்லை. இதைச் செய்துகாட்ட ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான நமது மூத்த உறுப்பினர் ஒருவர், தள்ளாத வயதிலும் தவறாமல் வருகிறார்.

அவரைத் தவிர்த்து, ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்புப் பட்டியலில் பெயர் தந்த மற்றவர்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பட்டியலை அனுப்பியதும் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் குறியை இடுவதில் எவரும் குறைவைக்கவில்லை. ஞாயிறு காலையில் கதவைத் திறக்கத்தான் ஆள் இருப்பதில்லை. வெளியூரிலிருந்து ஒரு பள்ளி முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு வந்தபோது, அன்றைய பொறுப்பாளரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது; பிள்ளைகள் வெயிலில் நிற்க, நான் வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து திறந்தேன். சந்தாவைப் பொறுத்தவரை, உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிலுவை வைத்துள்ளனர். சிலர் இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தவில்லை. சுண்ணாம்புச் செலவு குறித்து எழுத்து மூலம் விளக்கம் கேட்டவர்களும் அவர்களுள் அடங்குவர் என்பதை, பெயர் குறிப்பிடாமல், பொதுக்குழுவின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்று மிகுந்துள்ளது. பற்றாக்குறை நலம்விரும்பிகளின் உதவியாலும், என் சொந்தப் பொறுப்பில் முன்பணமாகவும் ஈடுகட்டப்பட்டது. சில ரசீதுகள் ஒப்பந்தக்காரரிடமிருந்து வரவேண்டியுள்ளன.

கட்டடத்தைப் பயன்படுத்த அனுமதித்த ரயில்வே அதிகாரிகளுக்கும், பேரூராட்சி நிர்வாகத்தினருக்கும், தலைமையாசிரியர்களுக்கும், அச்சகத்தாருக்கும், ஒலிபெருக்கி உதவியவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பயணிகள் ஓய்வறையின் மங்களூர் ஓடுகளை மாற்றியாக வேண்டும். கூரையின் மரச்சட்டத்தில் இரண்டு இடங்களில் கரையான் பிடித்துள்ளது. இன்னொரு மழையை அது தாங்கும் என்று உறுதி கூற இயலாது. நிலுவைச் சந்தா முழுவதும் வந்து சேர்ந்தால், எவரிடமும் கையேந்தாமலே இவ்வேலையைத் தொடங்கலாம். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகிலேயே அமர்ந்திருக்கிறார். செயலாளர் பொறுப்பை ஏற்க இளைஞர் எவரேனும் முன்வந்தால், பதிவேடுகளையும் சாவிக்கொத்தையும் இப்போதே ஒப்படைக்கச் சித்தமாக உள்ளேன். எவரும் முன்வராத நிலையில், வரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கான பொறுப்புப் பட்டியல் மேசையில் வைக்கப்பட்டுள்ளது. கையெழுத்திட்ட பின் கலைந்து செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்