“எல்லாமே கழுவித்தான் மேடம் அனுப்புறோம்”: உங்கள் அரக்கு காபி பற்றி ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது மெயில். முதல் இரண்டுக்கும் “உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று ஒரே பதில்தான் வந்தது, மூன்றாவதுக்கு வந்ததைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பொறுமை தீர்ந்துபோனதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், யாராவது ஒரு மனிதர் முழுதாகப் படித்தால் சரி.

ஆர்டர் விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது, ஆறு பேரிடம் ஒப்பித்தாயிற்று. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு, பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவு, வாஷ்டு அராபிகா. கொட்டை அரை கிலோ, தூள் அரை கிலோ, 1,640 ரூபாய். வழக்கமாக வாங்கும் காபியென்றால் அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடும்.

ஏன் வாங்கினேன் என்றால் அப்பாவுக்காக. வால்டேர் (விசாகப்பட்டினம்) டிவிஷனில் ரயில்வேயில் இருந்தவர், அரக்கு வழியாகப் போகும் கொத்தவலசா–கிரந்துல் பாதையில் மலை ஏறி இறங்கியே பாதி சர்வீஸ் போனது. இரண்டு வருடம் முன்னால் ஒரு ஜனவரியில் அவரை அரக்குக்குக் கூட்டிப்போனேன். ஒரு வீட்டுப் பக்கத்தில் மேடை கட்டி, வலை விரித்து, ஓட்டோடு கொட்டை காயவைத்திருந்தார்கள். அள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே குடித்த காபியில் முதல் வாயில் நாரத்தங்காய்த் தோல் மாதிரி ஒரு லேசான புளிப்பு, கொஞ்சம் ஆறியதும் வெல்லப்பாகு வாசனை. அப்பா சர்க்கரை வியாதிக்காரர். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று அவர் காலி பண்ணிய ஒரே காபி அதுதான்.

நீங்கள் அனுப்பிய பையைப் பிரித்ததும் வந்தது, மூன்று நாள் அறைக்குள் கிடந்த பலாப்பழ வாசனை. எங்கள் தெருமுனையில் வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடைக்காரரிடம் கொண்டுபோனேன். ஒரு கொட்டையைத் திருப்பிப் பார்த்தார். “நடுக்கோட்டைப் பாருங்கம்மா, பழுப்பா இருக்கு. கழுவின கொட்டைன்னா இந்த வறுப்புல அந்தக் கோடு வெளுப்பா தெரியும். இது செரி, பிளான்டேஷன் இல்லை” என்றார்.

இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதே இல்லை, உங்கள் சரக்கு உங்களுக்குத் தெரியாதா? பழுத்த பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்து, மேலே ஒட்டும் வழவழப்பைத் தொட்டியில் புளிக்கவிட்டு, அலசி, அப்புறம் காயவைத்தால் அது வாஷ்டு, கடைக்காரர் சொன்ன பிளான்டேஷன். பழமாகவே காயவைத்து உடைத்தால் செரி. செரி மட்டம் என்று நான் சொல்லவில்லை, அதையே தேடிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் காசு கொடுத்தது அதற்கு இல்லை.

ஆனால் உங்கள் கஸ்டமர் கேர் தம்பிக்கு நிஜமாகவே தெரியவில்லை. “வாஷ்டுன்னா கழுவின காபி மேடம். எல்லாமே கழுவித்தான் மேடம் அனுப்புறோம்” என்றார். அரிசி களைகிற மாதிரி நினைத்துவிட்டார் போல. நான் விளக்க ஆரம்பித்ததும் “காபின்னா கசக்கத்தான் செய்யும், பிடிக்கலேன்னா டீ குடிங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். முப்பது வருடமாக விடிந்ததும் முதல் வேலையாக டிகாக்‌ஷன் இறக்குகிற என்னிடம்! டீ குடிக்கச் சொல்கிறார்!

அப்புறம் அந்த மாதவரம் குடோன். நேரில் கொடுத்தால் உடனே பணம் என்று உங்கள் ஆள்தான் சொன்னார். மே மாத வெயிலில், தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அரை நாள் லீவு போட்டுப் போனால், ரிட்டர்ன் எல்லாம் ஆன்லைனில்தான் என்று வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தே திருப்பி அனுப்பினார். உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. தண்ணீர் கொடுத்தவர் அந்த வாட்ச்மேன் ஒருவர்தான், அவருக்கு என் நன்றி.

தூளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவினேன். காபித்தூள் மிதக்கும். இதில் பாதி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடிக்கு இறங்கியது, சிக்கரி. சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும், அது சட்டம். நீங்கள் போட்டிருப்பது “100 சதவீதம் காபி”.

லேபிளில் 6,000 அடி உயரத்தில் விளைந்தது என்று வேறு இருக்கிறது. அரக்கு அராபிகாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது சொன்ன உயரமே 900 முதல் 1,100 மீட்டர், அதாவது 3,600 அடி சொச்சம். மீதி 2,400 அடியை நீங்கள் எங்கே ஏறினீர்கள்? உங்கள் மூன்றாவது மெயிலோ இது சிக்மகளூர் காபி என்கிறது. அது கர்நாடகா, தனிக் குறியீடு. மலைமேல் ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பறிக்கிறவர்களின் பெயரை எந்தப் பைக்கும் ஒட்டுகிற ஸ்டிக்கராக்காதீர்கள்.

மூன்று வாரமாக அப்பா காலையில் காபியே தொடுவதில்லை, பாதி உடம்பாகிவிட்டார். 1,640 ரூபாய், பஸ் செலவு, லீவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் கேட்டாலும் தகும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் நல்லபடியாகத் தொழில் செய்பவர்களாகவே இருக்கலாம், யாரோ பேக்கிங்கில் பையை மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் எழுத்தில் சொல்லி, முழுப் பணத்தையோ லேபிளில் இருக்கிற அதே காபியையோ ஏழு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், இத்தோடு விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன், உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தூளை அனுப்புவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம்கூடக் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

அந்தத் தம்பியின் பெயரை எழுதவில்லை, வேலை போய்விடக் கூடாது. ஒரு தடவை அவரை அரக்குக்கு அனுப்பிவையுங்கள்.

இரண்டு பையும் பத்திரமாக இருக்கின்றன. கொட்டைப் பை மட்டும் பால்கனியில், வாசனை தாங்கவில்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நான் இனி மாதவரம் வரமாட்டேன்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் (இன்னும் ஏழு நாளைக்கு)