கழற்றிய படம்

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், கூடத்தில் அப்பாவின் படத்தைக் காணோமே என்று கேட்டாய். வெள்ளையடிக்கக் கழற்றினேன் என்றேன். பொய்.

அதற்கு முன், வெர்சாய் அரண்மனையில் நீ எடுத்து அனுப்பிய ஓவியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "சிவப்பு வெல்வெட்டில் பகட்டாக ஒரு ராணி, நாலு பிள்ளைகள்" என்று எழுதியிருந்தாய். எண்ணிப் பார், மூன்றுதான். நாலாவது தொட்டில், அது காலி.

பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத்தின் கெட்டுப்போன பெயரைச் சீர்செய்யவே, 1787இல் எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண்ணை வைத்து அதை வரையச் செய்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் வைர நெக்லஸ் மோசடி வெடித்திருந்தது. 16 லட்சம் லிவர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயம்) விலை சொன்ன அந்த நகையை ராணி வேண்டாம் என்றே சொல்லியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லி வேறொருத்தி சுருட்டிவிட்டாள். ஊர் பழித்தது என்னவோ ராணியைத்தான். அதனால்தான் படத்தில் கழுத்து வெறுமையாக இருக்கிறது. நகை அலமாரி பின்னால் இருட்டில் நிற்கிறது. என் பிள்ளைகளே எனக்கு நகை என்று ஊருக்குக் காட்டும் ஏற்பாடு. (ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னட்டும் என்று அவள் சொன்னதற்கும் சான்று கிடையாது. வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.)

ஊர் மசியவில்லை. கஜானா காலியாகிக் கிடந்த காலம். அவளுக்குப் 'பற்றாக்குறைச் சீமாட்டி' என்று பட்டப்பெயர். பாரிஸ் கண்காட்சி திறந்தபோது ஓவியம் வந்து சேரவில்லை. வெறும் சட்டத்தைப் பார்த்து, "இதோ பற்றாக்குறை" என்று சிரித்தார்களாம்.

இதெல்லாம் அரசியல். தொட்டில் அப்படியல்ல. கைக்குழந்தை சோஃபி அந்த ஜூனில், ஒரு வயது நிறைய இருபது நாள் இருக்கும்போது இறந்துபோனாள். தொட்டிலைக் கையால் காட்டிக்கொண்டு நிற்கிறானே, மூத்த பையன் லூயி ஜோசப், அவனையும் 1789 ஜூனில் காசநோய் கொண்டுபோனது. ஏழு வயது. அதன் பிறகு அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் ராணி அழுதாள், கழற்றச் சொல்லிவிட்டாள். கழற்றி வைத்ததால்தான் பிரெஞ்சுப் புரட்சியில் கலகக் கூட்டத்தின் கையில் சிக்காமல் அது தப்பியது என்று வரைந்தவளே பின்னாளில் எழுதியிருக்கிறாள். ராணியின் தலை 1793இல் போயிற்று. மடியில் இருக்கும் சின்னவன் 1795இல் சிறையிலேயே இறந்தான். மிஞ்சியவள் அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும் அந்தப் பெண் மட்டும்.

அப்பாவின் படம் பீரோவில், என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. காலையில் காபியோடு கூடத்துக்கு வந்தால் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் கொண்டுவந்துவிட்டேன்.

ஆணியைப் பிடுங்கவில்லை. தை மாதம் வருகிறாய் அல்லவா, ஸ்டூலைப் பிடித்துக்கொள், மாட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா