குதிகால் நரம்பு

அன்புள்ள செல்வம்,

ஆடிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபமாகத்தான் இருப்பாய். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் அப்படியேதான். நீ மறுபடி ஏற்காடு ரோட்டில் ஓடப் போவதாக முருகேசன் சொன்னான். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

போன மார்கழி முழுக்க அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஓடி ஏறினேன். தை பிறந்ததும் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி சுவரைப் பிடித்துத்தான். குதிகாலுக்கு மூன்று விரல் மேலே நரம்பு தடித்துவிட்டது. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பாதத்தை ஆட்டினால் நறநறவென்றது. சரி, இழுத்துவிட்டால் போகும் என்று படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிட்டேன். வலி இரட்டிப்பானது.

லலிதா அக்கா மகள் இப்போது பிசியோ. அவள்தான் விளக்கினாள். நரம்பு என்கிறோமே தவிர, அது தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் நாண். ஃபின்லாந்தில் பாவோ கோமி என்பவர் அதைச் சுற்றி பெல்ட் பக்கிள் போன்ற ஒரு கருவியை ஆபரேஷனில் பொருத்தி, ஆளை ஓடவிட்டு இழுவையை அளந்திருக்கிறார். 1992-ல் அவர் எழுதிய கணக்கு, உடல் எடையைப்போல் 12.5 மடங்கு வரை. உன் 80 கிலோவுக்கு ஒரு டன்டா, ஒற்றைக் காலில்!

இழுவை ஒரு பக்கம், உள்ளே ஏறும் அழுத்தம் இன்னொரு பக்கம். நாணின் நார்கள் முறுக்கிய கயிறுபோல் சுற்றி இறங்குகின்றன. ஈரத்துண்டை முறுக்கி இழுத்தால் நடுவில் இறுகுமே, அப்படி. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் நாணுக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பாதம் மேல்நோக்கி மடங்க மடங்க அழுத்தம் ஏறுகிறது. நான் படியில் தொங்கியது அதே மடக்கில்தான். மேடு ஏறும்போதும் அதேதான்.

படி விளிம்பில் குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1998-ல் சுவீடனில் ஆல்ஃபிரெட்சன் 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் அதைத்தான் கொடுத்தார், அத்தனை பேரும் திரும்ப ஓடினார்கள். ஆனால் என் கால் இருந்த நிலைக்கு, முதலில் சமதரையில் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்கு, தரைக்குக் கீழே போகாதே என்றாள். ஆறு வாரமாயிற்று, நறநறப்பு நின்றுவிட்டது.

காலையில் முதல் அடி வைக்கும்போது உனக்கும் குதிகால் பிடித்துக்கொள்கிறதா? அதை மட்டும் உடனே எழுது. முருகேசனிடம் சொல்லி அனுப்பாதே. அவன் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கான்" என்பான்.

அன்புடன்,
பழனி