சைக்கிள் ஓடும் பிள்ளைகளுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு குளிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

விடிகாலையில் நிலாவெளி வீதியால் போய்வருகிறவர்கள் கவனித்திருப்பார்கள். சைக்கிள் ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் முன்னரைவிடக் கூடிவிட்டார்கள். உப்புவெளியில் புறப்பட்டு, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, குச்சவெளி வரை போய்த் திரும்புகிறார்கள். பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் இதோடு சேர்ந்து விற்றமின் குளிசையும் சத்து மா ரின்னும் வாங்கும் பழக்கமும் வந்துவிட்டது. அதுதான் என்னை எழுத வைத்தது.

அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அயலில் உள்ளவர்கள் விற்றமின் போத்தலைக் கொண்டுவந்து காட்டி, "அன்ரி, மகன் மாகாணப் போட்டிக்கு ஓடப் போறான். இதை ஒரு நாளைக்கு ஒண்டு குடுக்கிறதோ, ரெண்டு குடுக்கிறதோ?" என்று கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

சைக்கிள் ஓடுவதால் மட்டும் ஒருவருக்கு விற்றமின் குறைந்துவிடாது. கூட ஓடுகிற பிள்ளை கூடச் சாப்பிடும். நல்ல சாப்பாடாக இருந்தால் விற்றமினும் கனியுப்பும் அதோடு சேர்ந்தே உள்ளே போகும். உண்மையில் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் குளிசை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது முகத்தைப் பார்த்துச் சொல்கிற விடயமல்ல. இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளின் இரும்புச்சத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 8 போதும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் அளவு. மாதவிடாய்தான் இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம். என் தம்பியின் மகள் உயர்தரம் படிக்கிறாள், பாடசாலை அணியில் சைக்கிள் ஓடுகிறாள். போன வருடம் ஏற்றமே இல்லாத வீதியில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பயிற்சி போதாது என்றார்கள். பிறகு மல்ரிவிற்றமின் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் போத்தலை வாங்கி லேபலைப் பார்த்தேன். ஒரே குளிசைக்குள் இரும்பும் கல்சியமும். கல்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அந்தக் குளிசையையும் பிள்ளை காலைத் தேநீரோடு விழுங்கி வந்திருக்கிறாள். தேயிலையில் உள்ள தனின்களும் இரும்பை மறிப்பவைதான்.

இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 12க்குச் சற்று மேலே இருந்தது. அதை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரிட்டின் 9. உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது இந்தப் பெரிட்டின். 15க்குக் கீழே போனால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது. வைத்தியர் சரியான அளவில் இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தார், சில மாதங்களில் பிள்ளை தேறிவிட்டாள்.

எப்போது விழுங்குவது என்பதும் முக்கியம். கடும் பயிற்சி முடிந்து சில மணித்தியாலங்களில் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கூடும். அது குடலில் இருந்து இரும்பு உள்ளே போவதைத் தடுக்கும். ஆகவே காலையில் ஓடுகிற பிள்ளை மத்தியானம் வரை காத்திருக்காமல், பயிற்சிக்கு முன்னரோ முடிந்த கையோடோ தேசிக்காய்த் தண்ணீருடன் எடுப்பது நல்லது. தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள்.

இதை வாசித்துவிட்டு எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் இரும்பை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைக் காவும் பிள்ளைக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டலாம். இரும்புக் குறைபாடு இல்லாத அந்தப் பிள்ளைக்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை, தேவையில்லாமல் உடம்பில் சேரும். இன்னொன்று, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் குளிசையைப் பூட்டி வையுங்கள். இனிப்பு என்று நினைத்துக் கை நிறைய விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஆண் பிள்ளைகள் விடயம் வேறு. அவர்கள் பல பொருட்களை ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள். காலையில் மல்ரிவிற்றமின், ஓடும்போது தண்ணீரில் கரைக்கும் மாத்திரை, பின்னேரம் தசைப்பிடிப்புக்கு மக்னீசியம். ஒரு பெடியன் என்னிடம், "அன்ரி, சிறுநீர் நல்ல மஞ்சளாப் போகுது, மருந்து வேலை செய்யுது" என்றான். அது உடம்புக்கு வேண்டாத விற்றமின் பி2 வெளியே போகும் நிறம் என்று சொல்லிக் கொடுத்தேன். பி2 இப்படிப் போய்விடும். பி6 அப்படியல்ல. கூடிய அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் நரம்பைப் பாதிக்கும், கைகால் விறைக்கும். அவன் வைத்திருந்த மூன்று லேபலிலும் பி6 இருந்தது. சைக்கிளோட்டக்காரருக்கு ஹாண்டிலில் நெடுநேரம் ஊன்றுவதாலும் கை விறைப்பது வழக்கம். அதனால் குளிசையின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இந்த இடத்தைப் பயிற்றுநர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். மக்னீசியம் ஓட்டத்தில் வரும் தசைப்பிடிப்பை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. விற்றமின் சி 1000 மில்லிகிராமும் விற்றமின் ஈயும் நாளாந்தம் கொடுத்துச் செய்த சில ஆய்வுகளில், பயிற்சியால் தசைக்கு வரவேண்டிய மாற்றங்களே மட்டுப்பட்டன.

ரின்னில் வரும் சத்து மாவைப் பற்றி எனக்கு இன்னும் பயம். 2000, 2001 ஆண்டுகளில் ஜேர்மனியின் கொலோன் நகரில் உள்ள ஊக்கமருந்துச் சோதனை ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 உணவுக் குறைநிரப்பிகளைப் பரிசோதித்தது. லேபலில் சொல்லாத ஹோர்மோன் சார்ந்த பொருட்கள் 94இல் இருந்தன. பழைய ஆய்வுதான், ஆனால் இன்றும் இணையத்தில் வாங்கும் ரின்னுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி ஊக்கமருந்துச் சோதனை நடக்கிறது. தெரியாமல் விழுங்கினேன் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு விளையாட்டு வீரருடையது. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தடை வந்தால் அந்தக் குடும்பம் எப்படித் தாங்கும்?

எங்கள் ஊர் வெயிலில் உடம்பில் இருந்து உண்மையாகவே போவது தண்ணீரும் உப்பும்தான். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது வியர்வை தோலில் நிற்காது, வந்ததும் காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று பிள்ளை சொல்லும். கறுப்பு பெனியனை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். முதுகிலும் கக்கத்துக்குக் கீழேயும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். அது உப்பு. அதற்கு மல்ரிவிற்றமின் பதில் அல்ல. ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு, நாலு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேசிக்காய் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் நாட்களில் இதைக் கொண்டு போகட்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. கூடவே ஏதாவது உப்பாகச் சாப்பிடட்டும். பிரஷர் உள்ள பெரியவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு பி12 குறையலாம், அது மரக்கறியில் கிடைக்காது. பாலும் தயிரும் தவறாமல் வேண்டும், அவையும் சேர்க்காதவர்களுக்குக் குளிசை அவசியம். எலும்பையும் மறக்கக் கூடாது. சைக்கிளில் உடம்பின் பாரம் ஆசனத்தில்தான் இருக்கிறது, எலும்பு உறுதியாவதற்கு வேண்டிய அதிர்வு கிடைப்பதில்லை. தொடர்ந்து சைக்கிள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கயிறடித்துத் துள்ளட்டும், குரக்கன் பிட்டும் நெத்தலியும் எள்ளுருண்டையும் சாப்பிடட்டும். கொட்டியாரக் குடாவையும் இத்தனை மீனையும் வைத்துக்கொண்டு நாங்கள் ரின்னுக்குக் காசு கொடுப்பது எனக்கு மிகவும் வருத்தம். ஒரு ரின்னின் விலையில் வீட்டுக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று தாய்மார் கணக்குப் பார்க்க வேண்டும்.

பாடசாலை அதிபர்களிடமும் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர்களிடமும் என் வேண்டுகோள் இது. போட்டிப் பருவம் தொடங்க முன்னர் சைக்கிள் அணிப் பிள்ளைகளுக்கு முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பெண் பிள்ளைகளுக்குப் பெரிட்டினையும் சேருங்கள். வைத்தியசாலையுடன் முன்கூட்டியே பேசினால் ஒழுங்கு செய்ய முடியும். வீதியோட்டப் போட்டிகளில் வெறும் தண்ணீரோடு உப்புச் சீனித் தண்ணீரும் மேசையில் இருக்கட்டும். எந்தப் பயிற்றுநரும் பிள்ளையிடம் ஒரு பொருளின் பெயரை எழுதிக் கொடுத்து வாங்கிவரச் சொல்ல வேண்டாம். பெற்றோர் கூட்டம் வைத்தால், வீட்டில் உள்ள போத்தல்களையும் ரின்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபலை ஒவ்வொன்றாக வாசித்து விளக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச மருந்தாளர்,
உப்புவெளி, திருகோணமலை.