பாலையாவுக்கும் ஒரு பக்கம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய படங்களைப் பற்றி எழுதும்போது நாயகர்களோடு நின்றுவிடுகிறோம். டி.எஸ். பாலையாவைப் பற்றி யார் எழுதுவது? 1936இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக வந்தவர் அவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அப்புறம் 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’. நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல, மிரண்டுபோன அந்த முகம்! காட்சியைச் சொன்னாலே நாகேஷைத்தான் புகழ்கிறார்கள். சரி, ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி பாலையாவுடையது. அடுத்த ஆண்டே ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராக என்ன மிடுக்கு! மதுரையையே அடிமையாக்க வந்த அந்த வித்வான், விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ராத்திரியோடு ஊரைவிட்டுக் கிளம்பும்போது பாவமாக இருக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரரை மறக்க முடியுமா? உங்கள் ஞாயிறு இணைப்பில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்களேன்.

– ஒரு வாசகர், மதுரை